பிரெஞ்சுத் தளபதி சொல்லாத வாசகம்

காரைக்காலுக்குக் கோயில் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. கடல் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. மலிவாகக் குடிக்கப் போகிறவர்கள் நிறையவே உண்டு. நான் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ளப் போனேன்.

சிவகாசியில் தினசரி நாட்காட்டி அச்சடிக்கும் இடமொன்றில் முப்பது வருடமாக வேலை பார்க்கிறேன். தேதித் தாளின் அடியில், நல்ல நேரத்துக்கும் ராசிபலனுக்கும் கீழே, யாரோ ஒரு பெரிய மனிதர் சொன்னதாக ஒரு வரி இருக்குமே, அதைப் போடுகிறவன் நான்தான். வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து. லீப் வருடமென்றால் ஒன்று கூடும், அதற்காக யாரும் டீ கூட வாங்கித் தருவதில்லை.

மே மாதத்தில் முதலாளி ஒரு தபாலை என் மேஜையில் போட்டார். "உம்ம பிரெஞ்சுக்காரரை யாரோ விசாரிக்கிறாங்கய்யா." திருமலைராயன்பட்டினத்திலிருந்து ஜொஹரா என்ற பெண் எழுதியிருந்தார். இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு தாளின் நகலை இணைத்திருந்தார். ‘இன்னும் ஒரே ஒரு வருடம் பொறுத்தவனுக்கே வெற்றி. — ஒரு பிரெஞ்சுத் தளபதி.’ அவர் கணவர் ஹமீது அந்தத் தாளை வளைகுடாவுக்கு எடுத்துப் போனவர். ஊருக்கு வாங்க என்று ஜொஹரா கூப்பிடும்போதெல்லாம் அந்த வரியைச் சொல்லியே வருடத்தைத் தள்ளியவர். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து, சக்கர நாற்காலியில் வந்து இறங்கியிருக்கிறார். வலது கை அசையாது, பேச்சு இல்லை. இப்போது மகனுக்கு அதே ஊருக்கு விசா வந்திருக்கிறது. கடிதம் இப்படி முடிந்திருந்தது: ‘இவ்வளவு பெரிய வார்த்தை சொன்னவர், எப்போது திரும்பி வர வேண்டும் என்றும் சொல்லாமலா இருந்திருப்பார்? அந்த மிச்சத்தை மட்டும் தேடி அனுப்புங்கள். என் மகன் போவதற்குள் அவனிடம் காட்ட வேண்டும்.’

மிச்சம் எங்கே இருக்கிறது? முதலே கிடையாதே. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருட மாதிரிகளை வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். அதற்கு முந்தைய வாரம் அச்சகத்தில் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறாத குறைதான். இருபது வருடத்துக்கு முன் அப்படி ஒரு வாரத்தில், செப்டம்பர்த் தாள்களில் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் வரி குறைந்தது. அன்று காலைதான் என் மனைவி, "இந்த வேலையை எப்பத்தான் விடப் போறீங்க?" என்று கேட்டிருந்தாள். நான் இன்னும் ஒரு வருஷம் பொறு என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அதையே கொஞ்சம் நிமிர்த்தி எழுதினேன். முந்தின நாள் கிரேக்கர், அடுத்த நாள் ஆங்கிலேயர். நடுவில் ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தால் பார்வையாக இருக்கும் என்று தோன்றியது. அவ்வளவுதான் விஷயம்.

பதில் எழுத நாலு முறை உட்கார்ந்தேன், கை வரவில்லை. நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று, கடிதத்தில் இருந்த எண்ணில் கூப்பிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம், காரைக்கால் எல்லைக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது பஸ் டயர் வெடித்தது. ‘வந்தேன், கண்டேன், வென்றேன்’ என்று மூன்றே சொல்லில் ஊருக்குச் சேதி அனுப்பினாராம் ஒரு ரோமானியத் தளபதி. பாவம், அவர் இந்த பஸ்ஸில் வரவில்லை. ஜாக்கியைத் தேடி டிரைவர் பின்பக்கம் போவதற்குள் பாதிப் பேர் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். "கடை வந்துடும்யா, நடங்க" என்றார் ஒருவர். கண்டக்டர் கவலையே படவில்லை. "எங்க போயிடப் போறாங்க, கடை வாசல்ல நிப்பாங்க, ஏத்திக்கலாம்" என்றார். அப்படியேதான் நடந்தது. எல்லை தாண்டியதும் பிராந்திக் கடைகள் வரிசையாக நின்றன. அதே வயல், அதே உப்புக் காற்று, அதே தமிழ், ஆனால் சட்டம் வேறு. போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி. வேறொரு நாட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி ஒரு கூச்சம் எனக்கு. அது ஊரால் வந்ததா, நான் வந்த காரியத்தால் வந்ததா என்று தெரியவில்லை.

காரைக்காலில் ஒரு லாட்ஜில் பையை வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பித் திருமலைராயன்பட்டினத்துக்குப் போனேன். ஜொஹராவின் மகன் இர்பான் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தான். இருபத்து மூன்று வயது, நெடுநெடு உயரம், பேச்சு குறைவு. வீட்டில் ஜொஹரா கதவருகே நின்று, "வாங்கண்ணே, வாங்க. வெயில்ல வந்துருக்கீங்க, மொதல்ல உக்காருங்க" என்றார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டே மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

கூடத்திலேயே கட்டில் போட்டு ஹமீதைப் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் வாட்டசாட்டமாக இருந்திருக்க வேண்டும், தோள் எலும்பு மட்டும் அதைச் சொன்னது. தலையணைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட அந்தத் தாள் கிடந்தது. என் எழுத்து. இருபது வருடத்தில் தாள் பழுப்பாகியிருந்தது.

"இவங்கதாங்க, அந்தக் காலண்டர்ல எழுதுறவங்க. சிவகாசியிலேருந்து நமக்காக வந்துருக்காங்க" என்று கணவரிடம் உரக்கச் சொன்னார் ஜொஹரா. காது நன்றாகக் கேட்கும் என்று இர்பான் மெல்லச் சொன்னான். ஹமீது என்னைப் பார்த்தார். இடது கையைத் தூக்கி அந்தத் தாளை இரண்டு முறை தட்டினார்.

"பாத்தீங்களாண்ணே? இதத்தான் பண்றாங்க. இவன் போகட்டுமான்னு கேட்டா இதத் தட்டுறாங்க. போகாதன்னு நான் சொன்னாலும் தட்டுறாங்க. அதுக்கு மேல நான் என்ன பேச முடியும்? பெரிய மனுஷன் சொல்லிட்டுப் போயிருக்காரு."

போ என்கிறாரா, என் கதியைப் பார் என்கிறாரா, யார் கண்டது. அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தட்டு வந்துவிட்டது. இடியாப்பம், ஆணம் என்று அவர்கள் சொல்கிற மீன் குழம்பு, இறால் பதித்த வாடா என்று அந்த ஊர்ப் பலகாரம், கடைசியாக ரவையும் முட்டையும் சேர்த்த தம்ரூட். எங்கள் ஊரில் விருந்தாளிக்கு ஒரு காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தாலே பெரிய மரியாதை. "எவ்ளோ புஸ்தகம் படிச்சிருப்பீங்க" என்றார் ஜொஹரா. வாயில் இடியாப்பத்தை வைத்துக்கொண்டு எந்த மானஸ்தன் உண்மை பேசுவான்? "புத்தகங்களைப் பார்த்துக்கிட்டு இருக்கேன், நாளைக்கு மறுநாள் சொல்றேன்" என்று புளுகிவிட்டு எழுந்தேன். வெட்கங்கெட்டவன்.

"ஞாயித்துக்கெழம ஃப்ளைட்டுண்ணே" என்றார் ஜொஹரா, வாசல் வரைக்கும் வந்து. "அதுக்குள்ள."

வியாழக்கிழமை எனக்கு ஒரு குறுக்கு யோசனை வந்தது. பிரான்ஸில் எத்தனையோ தளபதிகள் இருந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது இப்படி ஏதாவது சொல்லித் தொலைத்திருக்க மாட்டாரா? பசித்த ஜனம் ரொட்டி இல்லையென்றால் கேக் தின்னட்டும் என்று சொன்னதாக அந்த நாட்டு ராணி ஒருத்திக்கு இன்று வரை கெட்ட பெயர். அவள் சொல்லவே இல்லை என்கிறார்கள் படித்தவர்கள். சொல்லாததைச் சுமக்கிறவர்கள் இருக்கும்போது, நான் எழுதியதை எங்கோ ஒருவர் தற்செயலாகச் சொல்லியிருக்கக் கூடாதா? அப்படி ஒருவர் கிடைத்துவிட்டால் நான் பொய்யன் இல்லை. அந்த ஆசைதான்.

லாட்ஜ்காரர் ஒரு வீட்டைக் கைகாட்டினார். "அங்க ஒரு சொல்தா இருக்காரு." பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். எண்பதைத் தாண்டியவர். முழுக்கால் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி, தன்னந்தனியாக டி.வி.யில் பிரெஞ்சுச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி போய் மூன்று வருடமாம். பிள்ளைகள் பாரிஸ் பக்கம். கறுப்புக் காப்பி கொடுத்தார், கஷாயம் தோற்றது.

தாளின் நகலைக் காட்டினேன். கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார். பிறகு அந்த வரியைப் பிரெஞ்சில் இரண்டு மூன்று விதமாக வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நிக்கல தம்பி. எங்க ஆளுங்க இப்படிப் பேச மாட்டானுங்க. எந்தத் தளபதி ஒரு வருஷம் பொறுத்துக்கன்னு சொல்லுவான்? நாளைக்கே போய்ச் சாவுடாம்பான்." சிரித்தார். சிரிப்பு சட்டென்று நின்றது. "ஆனா இந்தத் தாளை நான் பாத்துருக்கேனே."

நான் காப்பியைக் கீழே வைத்தேன்.

"பட்டினத்து ஆளு ஒருத்தரு. துபாயோ மஸ்கட்டோ, லீவுல வந்துருந்தாரு. அது ஆச்சு பதினஞ்சு வருஷம். அத்தர் பாட்டில் ஒண்ணு கொண்டாந்து குடுத்து, ‘முசியே, இது யாரு சொன்னது, முழுசா சொல்லுங்க’ன்னு கேட்டாரு. அப்படி யாரும் சொல்லலப்பா, எவனோ கத கட்டிருக்கான்னேன். சிரிச்சாரு. ‘இருக்கட்டும் முசியே, யாரு காதுலயும் போட்டுறாதீங்க’ன்னாரு. மடிச்சுப் பர்சுல வச்சுக்கிட்டுப் போயிட்டாரு."

"ஆள் எப்படி இருப்பார்?"

"நல்ல ஒசரம். இந்தா இவ்ளோ தோளு."

அன்று சாயங்காலம் கடற்கரையில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அரசலாறு கடலில் விழுகிற இடத்தில் தண்ணீர் கலங்கலாக இருந்தது. படகுகள் ஓய்வில் கிடந்தன. சுண்டல்காரரைத் தவிர யாரும் சந்தோஷமாகத் தெரியவில்லை. முடியாது என்ற சொல்லே தன் அகராதியில் இல்லை என்று சொன்னதாக ஒரு பிரெஞ்சுச் சக்கரவர்த்தியின் வரி உண்டு. வருடப்பிறப்புத் தாளில் அவரைத்தான் போடுவேன், வியாபாரிகளுக்குப் பிடிக்கும். அதே மனிதர் கடைசியில் ஒரு தீவில், சுற்றிலும் கடலைப் பார்த்துக்கொண்டே செத்தார். அந்தத் தீவில் அவர் என்ன புலம்பினார் என்று நான் ஒரு வருடமும் தேடியதில்லை. ஜொஹரா கேட்ட மிச்சம் அதுதான். எல்லா வாசகத்துக்கும் ஒரு மிச்சம் இருந்திருக்கும். நாங்கள் அதை வெட்டிவிட்டு, ஒரு தாளுக்குள் அடங்குகிற அளவுக்குப் போட்டுவிடுகிறோம்.

என் பொய்யை ஹமீது பதினைந்து வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்த பிறகும் பத்திரமாக வைத்திருந்தார். அந்த அம்மாளிடம் இப்போது எந்த உண்மையைச் சொல்வது?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடியட்டும் என்று மூன்று மணிக்குப் போனேன். போகிற பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் ஒரு கல்யாணத்தைக் கிழி கிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு அப்படியே கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் இர்பான் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தான்.

இந்தத் தடவை சாப்பாட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். "அம்மா, அப்படி ஒரு தளபதியே கிடையாது. நான்தான் எழுதினேன். ஒரு தேதிக்கு வரி குறைந்தது. என் மனைவியிடம் அன்று சொன்ன சாக்கைத்தான் எழுதிவைத்தேன். ஒரு பெரிய பெயர் வேண்டுமே என்று பிரெஞ்சுக்காரர் என்று போட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்."

அடிப்பார், வெளியே போ என்பார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். ஜொஹரா என்னைத் திட்டவே இல்லை. மெதுவாகக் கட்டில் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"கேட்டீங்களா?" என்றார் கணவரிடம். "பொய்யாங்க. யாருமே சொல்லலியாம். இருவது வருஷம் ஒரு பொய்யை நம்பி அங்க போய்க் கெடந்துட்டீங்களே. நான் வேற, என்னப் புடிக்காமதான் வர மாட்டேங்கறீங்கன்னு நெனச்சு எத்தனை நாளு ஃபோன்ல ஏசியிருப்பேன். உங்க மேல தப்பே இல்லீங்களே. உங்கள ஏமாத்திட்டாங்களே, ராசா." அவர் தலையைக் கோதிக்கொண்டே அழுதார். எட்டு மாதம் வைத்தியம் பார்த்த கைக்கும் அந்தக் கைக்கும் வித்தியாசம் இருந்தது. கல்யாணமான புதிதில் அப்படித் தொட்டிருப்பார்.

ஹமீது அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் காரைக்காலில் யாரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனாலும் பயந்த கண் எது என்று எனக்குத் தெரியும். சொல்லிவிடாதே என்றது அந்தக் கண். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

ஜொஹரா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகனிடம் திரும்பினார். "இப்பவாச்சும் கேளு. சொன்ன ஆளே இல்லன்னு ஆயிப்போச்சு. சபர் வாணாம் ராசா. இங்கயே ஏதாச்சும் பாத்துக்கலாம்." வெளிநாட்டுப் பிழைப்பை அவர்கள் சபர் என்கிறார்கள். இர்பான், "பாக்கலாம் உம்மா" என்றான். என்னைப் பஸ் ஏற்றிவிட வருவதாகச் சொல்லிச் செருப்பை மாட்டினான். ஜொஹரா ஒரு டப்பாவில் தம்ரூட் வைத்துக் கொடுத்தார். ஏமாற்றிய எனக்கு! வாங்கிக்கொண்டேன், வேறு என்ன செய்ய.

பஸ் வரத் தாமதமானது. இர்பான் போனை நோண்டிக்கொண்டிருந்தவன் அதைப் பையில் போட்டான்.

"சார், அது பொய்யின்னு எனக்கு முன்னயே தெரியும்."

"யார் சொன்னது?" என்றேன்.

"வாப்பாதான் சொன்னாங்க. நான் பத்தாவது படிக்கிறப்போ லீவுல வந்துருந்தாங்க. யாரோ ஒரு சொல்தாகிட்ட கேட்டாங்களாம். அப்புறம் ஏன் வாப்பா இன்னும் வச்சிருக்கீங்கன்னு கேட்டேன். சிரிச்சாங்க. ‘உம்மாகிட்ட சம்பளத்துக்காகப் போறேன்னா, கஞ்சி குடிச்சாப் போதும் வந்துருங்கம்பா. உன் படிப்புக்காகன்னா, இங்க பள்ளிக்கூடம் இல்லியாம்பா. பெரிய மனுஷன் சொன்னாருன்னா மட்டுந்தான் பதில் பேச மாட்டா’ன்னாங்க."

முப்பது வருடமாக அந்த வரிகளைத் தைரியம் தரத்தான் போடுகிறோம் என்று நினைத்திருந்தேன். இப்படிப் பக்கத்தில் இருப்பவர் வாயை அடைக்கவும் உதவும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என் மனைவியின் வாயையும் அன்று நான் அப்படித்தான் அடைத்தேன், பெரிய மனிதர் யாரும் துணைக்கு வராமலே. அவள் இறந்து ஆறு வருடமாகிறது. நான் இன்னும் அதே மேஜையில்தான் இருக்கிறேன்.

"அப்ப, நீ போகலையே?" என்று கேட்டேன்.

"போறேன் சார். மருந்து இருக்கு, கை காலுக்குப் பயிற்சி குடுக்கிறவரு வாரத்துக்கு மூணு நாளு வர்றாரு, எல்லாத்துக்கும் பணம் வேணும்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தான். "அது மட்டும் இல்ல. வாப்பாவ அப்படிப் பாத்துக்கிட்டே இருக்க முடியல சார். பயமா இருக்கு. இத எப்படி உம்மாகிட்ட சொல்றது?"

போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன். என்ன சொல்லித் தடுப்பது? நூற்றுக்கணக்கான பெரியவர்களின் வாசகங்கள் எனக்கு மனப்பாடம். அந்தப் பையனுக்குக் கொடுக்க அதில் ஒன்றும் தேறவில்லை.

பஸ் வந்தது. படியில் கால் வைத்த என் கையைப் பிடித்துக்கொண்டான். "சார், வாப்பாவுக்கு முன்னயே தெரியுங்கறத மட்டும் உம்மாகிட்ட எப்பவும் சொல்லிடாதீங்க. இன்னிக்குத்தான் வாப்பாவ மன்னிச்சிருக்காங்க."

திரும்பும்போது டயர் வெடிக்கவில்லை. எல்லைக் கடை வாசலில் கூட்டம் குறைந்தபாடில்லை. தம்ரூட்டை ஊர் வரைக்கும் பிரிக்கவே இல்லை. அடுத்த நாள் அது கெட்டுப்போய்விட்டது.

திங்கட்கிழமை காலை, அச்சகத்தில் செப்டம்பர் மாதத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஜொஹரா கூப்பிட்டார். குரல் நிதானமாக இருந்தது.

"அவன் போயிட்டாண்ணே. சொன்னது யாருமில்லன்னு தெரிஞ்சும் போயிட்டான். என்னதான் பண்றது, அவன் காலு, அவன் போறான்." மூக்கை உறிஞ்சினார். "இவங்க தேவல. நேத்துலேருந்து நான் ஊட்டினா ரெண்டு வாய் கூடச் சாப்புடுறாங்க. நானும் அதத்தான் நெனச்சு மனசத் தேத்திக்கிறேன். புள்ளை தெரிஞ்சே போறான். இவங்க பாவம், தெரியாமப் போனவங்க. நம்பித்தானேண்ணே போனாங்க? தெரிஞ்சிருந்தா என்கிட்ட வந்துருப்பாங்க இல்ல?"

மேஜையில் ஒரு செவ்வாய்க்கிழமைத் தாளில் வாசகத்துக்கான இடம் காலியாக இருந்தது.

"ஆமாம்மா. தெரிஞ்சிருந்தா வந்திருப்பார்" என்றேன்.

முப்பது வருடத்தில் வேறு யார் பெயரும் போடாமல் நான் சொன்ன ஒரே வாசகம் அது.